ரெண்டு டர்போ யாருக்கு வேணும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். நாலு சிலிண்டர் காரை டிராக்கில் ஓட்டுவதற்காக அதில் ரெண்டு டர்போ மாட்டுவது தண்டச் செலவு. வரிசையாக ஆறு சிலிண்டர் இருந்தாலும், வெளியே கடையில் வாங்கி மாட்டுகிற கதை என்றால், அதேதான். ஒண்ணு போதும். சரியான அளவில், நல்லதாக ஒண்ணு.

இதைச் சொன்னால் நம்மாட்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. "நீங்க டீசல் ஆளு, உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்" என்கிறார்கள். பதினாறு வருஷமாக டீசல் என்ஜின் டர்போக்களோடுதான் மல்லுக்கட்டிப் பிழைக்கிறேன், உண்மைதான். ஆனால் காற்றுக்கும் சூட்டுக்கும் உள்ளே எரிவது டீசலா பெட்ரோலா என்றெல்லாம் பேதம் தெரியாது :-)

இந்த விஷயத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், நொய்டா, புனே, பெங்களூர் என்று எங்கே போனாலும் நம்ம பையன்கள் நாலு பேர் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்விக்கடன் முடிந்திருக்கும். ஊரில் வீட்டுக்கு மாடி எழுப்பியாகிவிட்டது. செகண்ட் ஹேண்டில் ஒரு வேகமான கார் வாங்கி, வருஷத்துக்கு நாலைந்து தடவை டிராக்கில் ஓட்டுகிறார்கள். நல்ல விஷயம். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ராத்திரி ரெண்டு மணிக்கு விரட்டுவதற்கு இது ஆயிரம் மடங்கு தேவலை. பிரச்சினை அதற்கப்புறம் ஆரம்பிக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்காரர் கொட்டேஷன் கொடுக்கிறார். அதில் "ட்வின் டர்போ" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வீட்டில் மனைவியோ அப்பாவோ அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இதில் எது அவசியம், எது படம் காட்டுவது என்று கேட்கத் தெரியாமல் நிற்பார்கள். இதை அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

டர்போ என்பது பெரிய மந்திரமில்லை. என்ஜின் துப்புகிற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் கூடுதலாக பெட்ரோல் எரிக்கலாம். அவ்வளவுதான்.

சின்ன வயதில் பனையோலைக் காற்றாடி செய்து, முள்ளில் குத்திக்கொண்டு ஓடியவர்களுக்கு மிச்சமெல்லாம் தன்னால் புரியும். சின்னக் காற்றாடி நடந்தாலே சுற்றும். பெரிய காற்றாடிக்கு ஓட வேண்டும். ஆனால் ஆடி மாதக் காற்றில் சின்னது பிய்ந்து போகும், பெரியதுதான் நிற்கும். டர்போவிலும் அதே தகராறு. சின்ன டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும், மேலே போனால் மூச்சு வாங்கும். பெரியது மேலே பிரமாதம், கீழே தூங்கும். அந்தத் தூக்கத்துக்குப் பெயர்தான் லேக். "சரி, ரெண்டு சின்னது போட்டா என்ன?" என்று ஒருத்தர் யோசித்தார். யோசனை தப்பில்லை. கணக்கும் இடிக்கவில்லை. ஒரு பெரிய சக்கரத்துக்குப் பதிலாக அதே மொத்தப் பரப்பில் ரெண்டு சின்னச் சக்கரம் என்றால், ஒவ்வொன்றின் விட்டமும் பழையதில் 71 சதவீதம். சுழல் மந்தம் விட்டத்தின் ஐந்தாம் படியில் குறையும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் பழையதில் சுமார் 18 சதவீதம்தான். புகையும் பாதிப்பாதி பிரிந்துதான் போகும். அதைக் கழித்தாலும் காகிதத்தில் சுறுசுறுப்பு கூடத்தான் செய்கிறது.

காகிதத்தில்.

நிஜத்தில் என்ன ஆகிறது? சக்கரத்தைச் சின்னதாக்கலாம், சக்கரத்துக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை அதே விகிதத்தில் சின்னதாக்க முடியாது. சூட்டில் உலோகம் விரியும், தண்டு ஆடும். அதற்கு இடம் விட்டாக வேண்டும். ஆகவே சின்னச் சக்கரத்தில் அந்தச் சந்து வழியாக நழுவுகிற காற்றின் பங்கு அதிகம். பேரிங் உராய்வு தின்கிற பங்கும் அதிகம். அதே அழுத்தத்தைக் கொடுக்க ரெண்டு சின்னதுகள் கூடுதலாகக் காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்று உள்ளே போனால் என்ஜின் தட்ட ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டதும் இக்னிஷனைப் பின்னால் தள்ளிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குதிரைசக்தி அங்கேயே ஆவியாகிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் இதைப் பற்றி அவ்வளவு அலட்டிக்கொள்வதில்லை. கிரேட்டர் நொய்டா ஏப்ரல் வெயிலில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும்.

அடுத்தது, ரெண்டு டர்போ கொடுக்கிற நல்ல விஷயத்தை ஒண்ணிலேயே கொடுக்க வழி கண்டுபிடித்து ரொம்ப வருஷமாகிறது. அதன் பெயர் ட்வின் ஸ்க்ரோல். இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். மிச்சச் சண்டை எல்லாம் இதில்தான் இருக்கிறது.

நாலு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் 180 டிகிரி திரும்புகிறதுக்கு ஒரு சிலிண்டர் வெடிக்கும். ஆனால் ஒரு சிலிண்டரின் புகை வால்வு 180 டிகிரியைத் தாண்டியும் திறந்தே இருக்கும். ஆக, முதல் சிலிண்டர் தன் கடைசிப் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சிலிண்டரின் புகை சீறிக்கொண்டு வந்து அதன் முகத்தில் அடிக்கும். ஒற்றைக் கழிப்பறை இருக்கிற கல்யாண வீட்டில் காலை ஆறு மணி நிலவரம். இதற்கு வழி, சண்டை போடாத சிலிண்டர்களை ஜோடி சேர்ப்பது. வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்றால், 1ம் 4ம் ஒரு குழாயில், 2ம் 3ம் இன்னொரு குழாயில். இப்போது ஒரே குழாயில் வரும் ரெண்டு வெடிப்புக்கு நடுவே 360 டிகிரி இடைவெளி. இந்த ரெண்டு குழாயையும் டர்பைன் கூட்டுக்குள் தனித்தனி அறையாகவே கொண்டுபோய் ஒரே சக்கரத்தில் அடிக்க விட்டால் அதுதான் ட்வின் ஸ்க்ரோல். ஆறு சிலிண்டரில் முதல் மூன்று ஒரு பக்கம், கடைசி மூன்று ஒரு பக்கம்; 240 டிகிரி இடைவெளி வந்துவிடும். மூன்று சிலிண்டருக்கு இதுவே தேவையில்லை, இயல்பாகவே 240 டிகிரி இருக்கிறது. ரேஸ் ஆட்கள் கொண்டாடுகிற டொயோட்டா ஜிஆர் யாரிஸில் மூன்று சிலிண்டரும் ஒற்றை டர்போவும்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பிஎம்டபிள்யூ செய்ததைப் பாருங்கள். 2006ல் அவர்கள் கொண்டுவந்த என்54 என்ஜினில், வரிசையாக ஆறு சிலிண்டர், மூன்றுக்கு ஒண்ணு என்று ரெண்டு சின்ன டர்போ. 306 குதிரைசக்தி, 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு, அந்த முறுக்கு 1,300 ஆர்பிஎம்மிலேயே ஆரம்பம். கொண்டாடினார்கள். 2009ல் அதற்கு மாற்றாக என்55 வந்தது. அதே மூன்று லிட்டர், அதே ஆறு சிலிண்டர், ஒரே ஒரு ட்வின் ஸ்க்ரோல் டர்போ. அதே 306, அதே 400. முறுக்கு ஆரம்பித்தது 1,200ல். அதாவது ரெண்டைக் கழற்றிவிட்டு ஒண்ணு போட்டதில் லேக் கூடவில்லை, ஒரு நூல் குறைந்தது! பழைய என்54ல் வேஸ்ட்கேட் கிலுகிலுப்பை மாதிரி ஆடுகிற நோய் உலகப் பிரசித்தம். ரெண்டு டர்போ என்றால் ஆடுவதற்கும் ரெண்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஒற்றை டர்போ என்ஜினுக்கு அவர்கள் வைத்த விளம்பரப் பெயர் "ட்வின்பவர் டர்போ". எம்340ஐ வைத்திருக்கிற நம்மூர்க்காரர்களில் பாதிப் பேர் தன் வண்டியில் ரெண்டு டர்போ இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பானட்டைத் திறந்து காட்டினால் முகம் வாடிவிடுகிறது. எதற்கு வாட வேண்டும்? உள்ளதிலேயே புத்திசாலித்தனமானது அதுதான்.

"அப்ப எம்3ல ஏன் ரெண்டு வச்சிருக்கான்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எம்3யின் எஸ்58ல் ஆறு சிலிண்டருக்கு ரெண்டு டர்போதான். ஒவ்வொன்றுக்கும் மூன்று சிலிண்டர் என்பதால் புகைச் சண்டை அங்கேயும் இல்லை. ஒரு கம்பெனி அதற்கென்றே தலை, மேனிஃபோல்ட், ஆயில் வழி, குளிர்விப்பு எல்லாவற்றையும் புதிதாக வரைந்து, வருஷக்கணக்கில் சோதித்து, உத்தரவாதமும் கொடுத்து விற்கிறது. அதை வாங்கி ஓட்டுங்கள், நான் கையைப் பிடிக்கவில்லை. ரெண்டு டர்போ வேலையே செய்யாது என்பதல்ல என் கட்சி. ஒண்ணு வைத்துப் பிறந்த காரை வெட்டி ஒட்டி ரெண்டாக்காதீர்கள் என்பதுதான்.

சிலிண்டர்கள் ரெண்டு பக்கமாகப் பிரிந்திருக்கிற என்ஜின் என்றால் கதை வேறு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வலப்பக்கம் மூன்று சிலிண்டர், இடப்பக்கம் மூன்று; நடுவே என்ஜின் மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ரெண்டு பக்கத்துப் புகையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர நீளக் குழாய் இழுத்தால் சூடு போய்விடும், அழுத்தமும் போய்விடும். அந்தந்தப் பக்கத்திலேயே ஒண்ணு மாட்டுவது இயற்கை. நிஸான் ஜிடி-ஆர் ஆர்35, போர்ஷே 911 டர்போ எல்லாம் அந்தக் காரணத்தால்தான் ரெண்டு. குழாய் போகிற வழிதான் எண்ணிக்கையை முடிவு செய்கிறது, ஆசை இல்லை.

ரேஸ் சரித்திரத்திலும் இதுதான் நடந்தது. 1977ல் ரெனோ ஃபார்முலா ஒன்னுக்கு முதல் டர்போ காரைக் கொண்டுவந்தது. ஒன்றரை லிட்டர் V6, ஒற்றை டர்போ. அடிக்கடி புகைவிட்டு நின்றதால் மஞ்சள் டீ கெட்டில் என்று கிண்டல் செய்தார்கள். 1979ல் ரெண்டு டர்போவுக்கு மாறினார்கள். அந்த வருஷமே டிஜானில் ழான்-பியர் ஜபூயி ஜெயித்தார். ட்வின் கட்சிக்காரர்கள் எப்போதும் இங்கேயே கதையை நிறுத்திவிடுவார்கள். நாலு வருஷம் தள்ளிப் போங்கள். 1983ல் டர்போ காரில் முதன்முதலாக உலக சாம்பியன் ஆனவர் நெல்சன் பிக்கே. பிராபம் கார், பிஎம்டபிள்யூ என்ஜின். சாதாரண ரோட்டுக் காரின் இரும்பு பிளாக்கிலிருந்து வந்த நாலு சிலிண்டர், ஒரே டர்போ. அதே விதிப்புத்தகம், அதே ஒன்றரை லிட்டர். V6காரன் ரெண்டு மாட்டினான், வரிசை நாலுக்காரன் ஒண்ணு மாட்டினான். ரெண்டு பேரும் சரி.

அமெரிக்காவில் இண்டிகாரில் இன்னும் சுவாரசியம். 2012லும் 2013லும் ஒரே அளவு V6. செவர்லே ரெண்டு டர்போ, ஹோண்டா ஒரு டர்போ. இதைவிட நல்ல பரிசோதனை கிடைக்காது. 2012 இண்டியானாபொலிஸ் 500 ஹோண்டாவுக்கு, அந்த வருஷ சாம்பியன் பட்டம் செவர்லேக்கு. 2013ல் அப்படியே தலைகீழ்: 500 செவர்லேக்கு, சாம்பியன் பட்டம் ஹோண்டாவுக்கு. 2014லிருந்து எல்லோருக்கும் ரெண்டு என்று விதியே போட்டுச் சண்டையை முடித்தார்கள். அதே 2014ல் ஃபார்முலா ஒன் எல்லோருக்கும் ஒண்ணு என்று விதி போட்டது, அதுவும் V6ல்! இதில் எதைக் காட்டி "ரெண்டுதான் ரேஸ் டெக்னாலஜி" என்று ஒர்க்‌ஷாப்காரர் ஜல்லி அடிக்கிறார் என்று புரியவில்லை.

நிஸானின் பழைய ஸ்கைலைன் ஜிடி-ஆரைச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். ஆர்பி26 என்ஜின், வரிசை ஆறு, ரெண்டு டர்போ. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் போட்டியில் ஓடிய 29 ரேஸிலும் ஜெயித்தது. தலைவணங்குகிறேன். ஆனால் அது 1989ல் பிறந்த கார். அன்றைக்கு இருந்த டர்போக்களை வைத்துச் சுறுசுறுப்பு வேண்டுமென்றால் ரெண்டு சின்னது போட வேண்டியிருந்தது. அந்தப் போட்டி விதிப்படி, கம்பெனி பதிவு செய்த அமைப்போடுதான் ஓடவும் வேண்டும். இன்றைக்கு பால் பேரிங் வந்துவிட்டது, இலேசான டைட்டானியம் அலுமினைட் டர்பைன் சக்கரம் கடையிலேயே கிடைக்கிறது. அதே ஆர்பி26ஐ இன்றைக்கு நேரத்துக்காக ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் ரெண்டையும் கழற்றி ஒண்ணு மாட்டுகிறார்கள். 2001ல் வந்த ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ் படத்து ஆரஞ்சு சுப்ராவின் 2ஜேஇஸட் என்ஜினும் அப்படித்தான். கம்பெனியிலிருந்து வரும்போது ஒண்ணு முதலில், இன்னொன்று பிறகு என்று முறை வைத்து வேலை செய்கிற ரெட்டை டர்போ. சுமார் 4,000 ஆர்பிஎம்மில் ரெண்டாவது வந்து சேரும். நேர்ரோட்டில் முதுகில் ஒரு குத்து, ஜாலிதான். வளைவுக்கு நடுவே, டயர் பிடியின் விளிம்பில் நிற்கும்போது அந்தக் குத்து வந்தால் கார் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். சுப்ராக்காரர்கள் முதலில் கழற்றுவதே அதைத்தான்.

இப்போது நம்ம பையன் கதைக்கு வருகிறேன். பக்கத்து செக்டாரில் இருக்கிறான், திருநெல்வேலிக்காரன், சாஃப்ட்வேர். 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருக்கிறான். 230 குதிரைசக்தி, நாலு சிலிண்டர், முன்சக்கர இழுவை. அவன் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அண்ணா, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, இவர் சொல்றது எனக்கு ஒண்ணும் புரியல" என்று ரெண்டு பக்கக் கொட்டேஷனைக் கொண்டுவந்து வைத்தாள். ஏழு லட்சத்து நாற்பதாயிரம். சின்ன டர்போ ஒண்ணு, பெரிய டர்போ ஒண்ணு, தொடராக இணைப்பு, குழாய்கள், ட்யூனிங், கூலி. லேபர் வரைக்கும் ஜிஎஸ்டி தனியாகப் போட்டிருந்தார்கள்.

"அண்ணே, ரெண்டு டர்போன்னா லேக்கே இருக்காதாம்."

"இப்ப உன் வண்டியில எங்கடா லேக் இருக்கு? 1,500 ஆர்பிஎம்லயே 350 நியூட்டன் மீட்டர் வந்துடுது. டிராக்ல நீ எப்பவாவது 1,500ல ஓட்டியிருக்கியா?"

பதில் இல்லை. எப்படி இருக்கும்? டிராக்கில் கியரைச் சரியாகப் போடத் தெரிந்தவன் 4,000க்குக் கீழே இறங்கவே மாட்டான். ரெட்டை டர்போ தீர்த்து வைக்கிற வியாதி, செக்டார் 62 சிக்னலில் இருக்கிற வியாதி. அதை ரேஸ் டிராக்கில் வைத்தியம் பார்க்கச் சொல்கிறார்கள்.

அடுத்த சங்கதி அதைவிட மோசம். அவன் காரில் இருக்கிற அந்த இஏ888 மூன்றாம் தலைமுறை என்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் தனியாகவே கிடையாது. சிலிண்டர் தலைக்குள்ளேயே வார்த்து, சுற்றிலும் தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள். புகை மொத்தமும் ஒரே வாயில் வழியாக வெளியே வரும், டர்போ நேராக அதில் போல்ட் ஆகும். அந்தத் தலையையே ஒற்றை டர்போவுக்காகத்தான் வரைந்திருக்கிறார்கள். அதில் ரெண்டாவதைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட வேண்டும். பெரிய அழுத்தம் வேண்டிய டீசல்களில் இந்தத் தொடர் அமைப்புக்கு அர்த்தம் உண்டு, நானே அதில் வேலை பார்த்திருக்கிறேன். கம்பெனி அதற்கு என்ஜின் அறையையே ஒதுக்கும். ஆக்டேவியாவின் என்ஜினுக்கும் டேஷ்போர்டு தடுப்புக்கும் நடுவே கைநுழைய இடமில்லை. அங்கே செக்கச்செவேலென்று காய்கிற இன்னொரு இரும்பு உருண்டை. அதற்கு எண்ணெய் போகிற குழாய், திரும்பி வருகிற குழாய், தண்ணீர்க் குழாய் ரெண்டு. டர்போவிலிருந்து எண்ணெய் தன் பாரத்தால்தான் கீழே இறங்கணும். சரிவு போதாமல் போனால் சீல் வழியாக ஒழுகி, பக்கத்தில் காய்கிற டர்பைன் மேல் சொட்டும். அது பற்றிக்கொள்ள ஒரு நீளமான வளைவு போதும்.

நான் அந்தத் தாளை ரெண்டு தடவை படித்தேன். ஆயில் கூலர் இல்லை. டயர் இல்லை. பிரேக் பேட் இல்லை. பிரேக் ஆயில்கூட இல்லை. ஏழரை லட்சத்தில் காரை நிறுத்துவதற்கு ஒரு ரூபாய் ஒதுக்கவில்லை.

இது எனக்கு விளையாட்டாகப் படவில்லை. புத்தா சர்க்யூட்டில் மூன்றாவது வளைவுக்கும் நாலாவது வளைவுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நேர்ப்பாதை. இப்போதைய சக்தியில் அதன் முடிவில் கார் 190 தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்தியைக் கூட்டினால் 220. இந்த 30 கிலோமீட்டர் ஒன்றுமில்லை என்று தோன்றும். 1,500 கிலோ காரை 190லிருந்து 80க்கு இறக்க பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 1.7 மெகாஜூல். 220லிருந்து என்றால் 2.4. நாற்பது சதவீதம் அதிகம், அதுவும் ஒவ்வொரு சுற்றுக்கும். சாதாரண டாட் 4 பிரேக் ஆயில், புதிதாக ஊற்றும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஈரம் ஏறியபின் அதன் தர அளவே 155 டிகிரி. ரெண்டு மழைக்காலம் பார்த்த ஆயிலோடு நாலாவது சுற்றில் பிரேக்கை மிதித்தால், மிதி மெத்தை மாதிரி தரை வரைக்கும் போகும். ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கும். ஆவியை அமுக்கிக் காரை நிறுத்த முடியாது. முந்நூறு டிகிரி தாண்டிய கொதிநிலை உள்ள ரேஸ் ஆயிலும், டிராக்குக்கான பேடும் இந்த ஏழரை லட்சத்தில் ஒரு ஓரம்கூட வராது.

காசு விஷயம் இன்னொன்று, இதை வீட்டில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் கார் பாலிசியில் உபயோக வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். ஒழுங்குசெய்த ரேஸ், வேகச் சோதனை இதற்கெல்லாம் காப்பீடு கிடையாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். டிராக்கில் இடித்தால் உங்கள் பாடு. அதோடு, பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. என்ஜினில் கூடுதலாக ஒரு டர்போ தொங்குகிற கார், நாளைக்கு நொய்டா ரோட்டில் வேறு யாரோ இடித்த விபத்துக்குக்கூட, சர்வேயர் பானட்டைத் திறந்ததும் விவாதப் பொருளாகிவிடும்.

அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த வரிசை வேறு. முதலில் பிரேக் ஆயில், பேடு. அடுத்து நல்ல டயர். முன்சக்கர இழுவைக் காரில் அந்த ரெண்டு டயர்தான் இழுக்கணும், திருப்பணும், நிறுத்துவதிலும் பெரும்பங்கு எடுத்துக்கணும்; அதன் தலையில் மேலும் முறுக்கை ஏற்றினால் வளைவில் கார் நேராகத்தான் போகும். பிறகு பெரிய இன்டர்கூலர், ஆயில் கூலர். பிறகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு ஆளோடு ரெண்டு நாள். இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ஓட்டி வளர்ந்த பயிற்சியாளர்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "இப்ப இல்ல, இப்ப இல்ல, இப்ப மிதி" என்று சொல்லித் தருகிற அந்த ரெண்டு நாள், எந்த டர்போவும் தராத நொடிகளைத் தரும். இவ்வளவும் முடித்து, அப்பவும் சக்தி போதவில்லை என்று மனசு கேட்டால், கோல்ஃப் ஆர்-இல் வந்த சற்றுப் பெரிய ஐஎஸ்38 டர்போ ஒண்ணு. அதே வாயிலில் போல்ட் ஆகும். அதே எண்ணெய் வழி, அதே தண்ணீர் வழி. கீழே கொஞ்சம் தூங்கும், ஆமாம். அங்கே நமக்கு வேலை இல்லையே. கியர்பெட்டி தாங்கும் அளவைக் கேட்டுக்கொண்டு ட்யூன் செய்தால் போதும்.

ஒர்க்‌ஷாப்காரர் போன் செய்து, "உங்க அண்ணன் பழைய ஆளு சார், இப்ப டெக்னாலஜி மாறிடுச்சு" என்றாராம். மாறித்தான் இருக்கிறது. ரெண்டு சக்கரம் செய்த வேலையை ஒரு சக்கரம் செய்கிற பக்கமாக மாறியிருக்கிறது. மாறாதது கொட்டேஷனில் எழுத்துக்குக் காசு வாங்குகிற வழக்கம்தான்.

யாராவது நாலு சிலிண்டர் காரில் வெளியே ரெண்டு டர்போ மாட்டி, புத்தாவிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ இருபது நிமிடம் முழுசாக, நடுவில் பிட்டுக்குள் வராமல் ஓட்டியிருந்தால், அந்த லாக் கோப்பை அனுப்பி வையுங்கள். உள்ளே போகிற காற்றின் வெப்பநிலை, ஆயில் வெப்பநிலை, ரெண்டும் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை தெரிய வேண்டும். நல்லா வந்த ஒரு சுற்றின் நேரத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம்.